பிரிண்டரைத் திட்டாதீர்கள், புரொஃபைலைப் பாருங்கள்!

"வீட்டு பிரிண்டரில் போட்டோ எடுத்தால் கலர் சரியாக வராது." இதைப் பழமொழி மாதிரி எல்லோரும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். கேட்டவர் என்ன செய்கிறார்? இங்க்கை மாற்றுகிறார். பேப்பரை மாற்றுகிறார். கடைசியில் பிரிண்டரையே மாற்றுகிறார். யாரும் தொடாமல் விடுவது ஒன்றே ஒன்றுதான். கலர் புரொஃபைல்!

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் கொல்லிமலையில் இருக்கும் திருப்புலி நாட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். பெரிய கலர் லேபுக்குப் போக வேண்டுமானால் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கலுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். ஒரு படத்துக்காக யார் இறங்குவார்கள்? பேரன் வீட்டிலேயே பிரிண்ட் போட்டுவிடுவான். இறந்துபோன பாட்டியின் படம் என்றால், அதுதான் காலத்துக்கும் சுவரில் மாலையோடு தொங்கப்போகிறது. அதில் பாட்டியின் முகம் சாம்பல் பூசியது போலவோ செங்கல் நிறத்திலோ இருந்தால், அது சின்ன விஷயமா?

கோளாறு எங்கே வருகிறது? மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. பிரிண்டர் சயான், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு மையால் நிறம் காட்டுகிறது. இரண்டும் இரண்டு பாஷை. நடுவில் அகராதி வேண்டாமா? அதற்காகத்தான் 1993-இல் அடோப், ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு கம்பெனிகள் சேர்ந்து ஐசிசி அமைப்பைத் தொடங்கின. அந்த அகராதிதான் புரொஃபைல். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, 1999-இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. இத்தனை வருஷம் ஆகியும் பேப்பர் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். "ஹை கிளாஸி" என்று பெரிதாகப் போட்டிருக்கும். புரொஃபைல் பற்றி ஒரு வரி இருக்கிறதா?

உடனே ஒரு பதில் வரும். "சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதற்கு? டீஃபால்ட்டில் விட்டால் போதும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டீஃபால்ட் யாருக்காகச் செய்தது? ஒரு புரொஃபைல் என்பது ஒரு பிரிண்டர், ஒரு இங்க், ஒரு பேப்பர், இந்த மூன்றும் சேர்ந்த ஜோடிக்கு மட்டும் பொருந்துவது. கம்பெனி இங்க், கம்பெனி பேப்பர் என்று எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறவர் ஒன்றும் தெரியாமலே ஓரளவு தப்பித்துக்கொள்வார். பாட்டில் இங்க்கையும் மலிவு பேப்பரையும் வாங்குகிறவருக்குத்தான் டீஃபால்ட் பொய் சொல்கிறது. ஆக, புரொஃபைல் பணக்காரரின் ஆடம்பரம் இல்லை. சிக்கனமாக இருப்பவருக்குத்தான் அது அவசியம்.

அடுத்தது இன்னும் மோசம். சில டிரைவர்களில் "போட்டோ என்ஹான்ஸ்" என்று ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும். அது முகத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சமாக்கும். யாராவது கேட்டார்களா? கோடக் கம்பெனி 1950களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய "ஷெர்லி" மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம்! பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. 2020-இல் ஒரு பிரபல கிரீமே தன் பெயரிலிருந்த "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் வீட்டு பிரிண்டர் மட்டும் ஏன் இன்னும் பாட்டியை வெளுக்க வேண்டும்?

கணக்காகவே பார்ப்போம். ஒரு பிரிண்டுக்குப் பேப்பரும் இங்க்கும் சேர்த்து 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரியாக வருவதற்குள் நான்கு தடவை போட்டால் 60 ரூபாய் போச்சு. வீணான 45 ரூபாயை நார்மல் லாஸ் என்று எழுத முடியுமா? தவிர்த்திருக்கக் கூடிய நஷ்டம் அது. காஸ்ட் அக்கவுண்டிங் அதை அப்நார்மல் லாஸ் என்றுதான் சொல்லும்.

தவிர்ப்பது எப்படி? பைசா செலவில்லாதவற்றை முதலில் செய்யலாம்.

முதலில், படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொள்வது. ஐபோன்கள் 2016-லிருந்து டிஸ்ப்ளே பி3 என்ற பெரிய நிற வெளியில் எடுக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாத புரோகிராமில் போட்டால் நிறம் மங்கிவிடும். மாற்றுவதற்கு இலவச கிம்ப் போதும். இரண்டாவது, நிறத்தை நிர்வகிக்கும் வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. புரோகிராமும் மாற்றி, டிரைவரும் மறுபடி மாற்றினால் படம் கெட்டுப்போகும், பெரும்பாலும் சிவந்துவிடும். மூன்றாவது, டிரைவரில் மீடியா டைப்பை உள்ளே இருக்கும் பேப்பருக்கு ஏற்றபடி வைப்பது. எவ்வளவு மை விழ வேண்டும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. நான்காவது, என்ஹான்ஸ் டிக்கை எடுத்துவிடுவது. கடைசியாக, பெரிய படத்துக்கு முன் சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பட்டை அடித்துப் பார்ப்பது. சாம்பலில் சிவப்போ பச்சையோ கலந்திருந்தால் முகத்திலும் அது கலக்கும்.

இவ்வளவும் செய்தால் திரையில் தெரிவது அப்படியே வருமா? வராது. மழை முடிந்த கொல்லிமலைப் பச்சையில் சில, மைக்கு எட்டவே எட்டாது. ஆனால் எது எட்டாது என்பதை சாஃப்ட் புரூஃபில் முன்கூட்டியே பார்க்கலாம். பேப்பரை வீணாக்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாட்டில் இங்க்குக்குச் சொந்தமாகப் புரொஃபைல் செய்ய ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறத்தை அளக்கும் கருவிக்குத்தான் காசு. அதை ஆளுக்கொன்று வாங்க வேண்டுமா என்ன? ஒரு கல்லூரி போட்டோ கிளப் ஒன்றே ஒன்று வாங்கட்டும். மாணவர்கள் டெஸ்ட் ஷீட்டை அடித்துக் கொண்டுவரட்டும். அளந்து கொடுத்தால் நூறு வீடுகளுக்குப் போதும். பேப்பரும் இங்க்கும் விற்கிற கம்பெனிகள் செய்திருக்க வேண்டிய வேலை இது. செய்யவில்லை. அதுவரை பாட்டியின் முகம் காத்திருக்க முடியாது.