நாய்க்கும் உண்டு வேலையில்லாத் திண்டாட்டம்!

பெங்களூரில் ஜாதி நாய் வளர்க்கும் மோகம் பெருகி வருகிறது. அதிலும் போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் நாய் என்றால் தனி மவுசு! பெல்ஜியன் மாலினோய்ஸ், ஜெர்மன் ஷெப்பர்டு என்ற பெயர்கள் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பங்களாவாசிகள் மட்டுமல்ல, ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களும் "ஒரு குட்டி கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் குட்டியின் விலையை விசாரிப்பவர்கள், அது கேட்கப்போகும் வேலையை விசாரிப்பதில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

தரளு சொல்லும் பாடம்

மாலினோய்ஸ், பெல்ஜியம் நாட்டில் ஆட்டு மந்தைகளை ஓட்டுவதற்காக உருவான இனம். 2011ல் ஒசாமா பின்லேடனைத் தேடிச் சென்ற அமெரிக்கப் படையோடு போன 'கெய்ரோ' இந்த இனம்தான். அதே 2011ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை, பெங்களூருக்குத் தெற்கே தரளு என்ற ஊரில் நாய்களுக்கான இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. நக்சலைட்டுகள் மண்ணில் புதைத்து வைக்கும் வெடிகளை மோப்பம் பிடிக்க இங்கிருந்து மாலினோய்ஸ் நாய்கள் அனுப்பப்பட்டன.

அங்கே நாய் எப்படி வளர்கிறது? ஓட்டம், தாண்டல், மோப்பம், கீழ்ப்படிதல் என்று மாதக்கணக்கில் பயிற்சி. அதைக் கவனிக்கத் தனியாகக் காவலர் உண்டு. அவருக்கு நாயைப் பார்ப்பதே உத்தியோகம், சம்பளமே அதற்குத்தான். காலையில் பஸ் பிடித்துப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற குமாஸ்தா அந்த இடத்தை நிரப்ப முடியுமா?

தெருமுனை வரை கால் மணி நேரம் நடத்திக் கூட்டி வந்தால் இந்த நாய்க்குப் போதாது. வேலை கிடைக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும். செருப்பைக் கடிக்கும், கதவைப் பிராண்டும், ஓயாமல் குரைக்கும், ஓடுகிற சைக்கிளைத் துரத்தும். "பொல்லாத நாய்" என்று அடிப்பார்கள், சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். கட்டக் கட்ட அதன் மூர்க்கம் கூடும். இது நாயின் குணக்கேடல்ல, வேலையில்லாத் திண்டாட்டம்!

நம் ஊர் நாய் தேவலையா?

"சீமை நாய் வேண்டாம், ராஜபாளையம் வாங்கலாமே" என்பார்கள் சிலர். நம் நாட்டு இனங்களுக்கு மதிப்பு கூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. 2005ல் ராஜபாளையம், முதோல் நாய்களுக்குத் தபால் தலை வெளியாயிற்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பாராட்டினார். கர்நாடகத்தின் முதோல் நாயை ராணுவமே மீரட்டுக்குக் கொண்டு சென்று பழக்கியது.

ஆனால் இவையும் உழைப்பதற்காகப் பிறந்தவைதான். முதோலும் சிப்பிப்பாறையும் முயலைக் கண்ணால் கண்டு துரத்துகிற வேட்டை நாய்கள். கரிசல் காட்டில் ஓடியது, பெங்களூர்ச் சந்தில் எதைத் துரத்தும்? ஸ்கூட்டரையும், ஓடி விளையாடும் குழந்தையையும்தான்!

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நம்மவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறவர்கள். ரயிலில் இரண்டாம் வகுப்பிலோ ஸ்லீப்பரிலோ நாயை ஏற்ற முடியாது. கார்டு வண்டியில் உள்ள நாய்க்கூண்டில் போடலாம். இல்லையேல் முதல் வகுப்பில் தனி அறையை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். ஊர் மாறுகிறபோது நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகும்.

சங்கிலி யார் கையில்?

குட்டியே வாங்காத நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடுக்கு மாடி வீட்டுக்காரர் நாயை வாங்குகிறார். காலையில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் யார்? வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலை செய்யும் தாய்மார்கள். இவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். முப்பது கிலோ எடையுள்ள நாய் இழுத்தால் விழுவது அவர்கள். பாய்ந்தால் கடிபடுவதும் அவர்கள். மாதச் சம்பளத்தில் இந்த வேலைக்கு ஒரு ரூபாயாவது சேர்த்திருக்கிறார்களா?

ஆகவே, சங்கிலியை வாங்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று எங்கே? நாயைப் பழக்கியது யார்? கடித்தால் செலவு யாருடையது? கடிபட்டவர் உடனே புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் கண்ட பிறகு பிழைப்பது அரிது.

தடை விதித்தால் தீருமா?

2024 மார்ச்சில் மத்திய அரசு, ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாடே பதறியது. என்றாலும், பட்டியல் போடுவதால் மட்டும் தீர்வு வராது. மாலினோய்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை! நாயின் பெயரைவிட, வளர்ப்பவரின் பொறுப்பே முக்கியம்.

பொறுப்பைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. தன் நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நாய் விற்ற காசு குரைக்காது. ஆகவே வாங்குகிறவர்தான் இதைக் கேட்க வேண்டும்.

திருடன் வந்தால் குரைக்க ஒரு நாய் போதும் என்பவருக்குத் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியே தாராளம். ஊசி போட்டு, உணவிட்டு, அன்பு காட்டினால் அது வாசலைக் காக்கும். தினமும் இரண்டு மணி நேரம், பத்து வருடங்களுக்கு மேல், மழையானாலும் காய்ச்சலானாலும் தர முடிந்தவர் மட்டும் வேலை நாயை வாங்கட்டும். முடியாதவர் ஆசையை அடக்கிக்கொள்வது அவருக்கும் நல்லது, அக்கம்பக்கத்துக்கும் நல்லது, அந்த வாயில்லா ஜீவனுக்கும் நல்லது.