கற்றுக்கொண்டிருக்கிறேன்!

வேலைக்காகக் குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெப்புக்குப் போன என் தங்கை, அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கிள்ளானில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கை ஆட்டுவார்கள். மறுபடியும் சிரிப்பார்கள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

"நாள்பூரா ரேடியோவில பேசுறே. அவங்க பாஷையில எனக்காக நாலு வார்த்தை பேசக்கூடாதா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

அன்று தொடங்கியதுதான் இந்த இணைய வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள், இரவு ஒன்பது மணிக்கு. ஆசிரியைக்கு அது மதிய நேரம். எனக்கோ கொட்டாவி நேரம்.

முதல் சில வகுப்புகளில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. குரோஷிய மொழியில் ஏழு வேற்றுமைகள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில்தான் திணறிப்போவார்களாம். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது என்ன பெரிய விஷயம்? கண்ணனைக் கூப்பிடும்போது நாம் 'கண்ணா' என்கிறோம். அவர்கள் இவானைக் கூப்பிடும்போது 'இவானே' என்கிறார்கள். நம்முடைய நீ, நீங்கள் போலவே அவர்களுக்கும் 'தி', 'வி' உண்டு. எழுத்துகள் முப்பது, எழுதியதை அப்படியே வாசித்தால் போதும். என்ன, 'கிர்க்' என்ற தீவின் பெயரை உயிரெழுத்தே இல்லாமல் மூன்று மெய்யெழுத்தில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் நாக்கு கொஞ்சம் தடுமாறும்.

அந்தப் பெருமையில் ஒருநாள், "நான் குரோஷிய மொழி கற்றேன்" என்று சொல்ல நினைத்து, 'நாவுச்சிலா சாம்' என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை சிரித்தார். "அதற்குள் முடித்துவிட்டீர்களா? எனக்கே இன்னும் முடியவில்லையே!"

விஷயம் இதுதான். குரோஷிய மொழியில் பெரும்பாலான வினைகள் இரண்டிரண்டாக வரும். ஒன்று நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு. மற்றொன்று முடிந்துபோன வேலைக்கு. 'சித்தாத்தி' என்றால் படிப்பது. 'புரோச்சித்தாத்தி' என்றால் படித்து முடிப்பது. 'உச்சித்தி' என்றால் கற்பது. முன்னால் ஒரு 'நா' சேர்த்தால் கற்று முடிப்பது. நாம் 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' என்று பிரித்துச் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுபோல. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கற்றுக்கொண்டிருக்கிறாயா, கற்று முடித்துவிட்டாயா? மழுப்ப முடியாது.

"உங்களுக்கு எங்கள் மொழி தெரியுமா என்று யாராவது கேட்டால், 'உச்சிம்' என்று சொல்லுங்கள். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அது போதும்," என்றார் ஆசிரியை. கூடவே 'மாலோ' என்ற சொல்லையும் கொடுத்தார். 'கொஞ்சம்' என்று பொருள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் காதுக்கு அது மலாய் 'மாலு' மாதிரியே கேட்டது. அதாவது, வெட்கம்! 'மாலோ' பேசுகிறவர்களுக்குத்தானே 'மாலு' அதிகம்?

எனக்கும் அந்த மாலு வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவிடம் பேசியபோது, அவர் எதற்கெடுத்தாலும் 'காய்' என்றார். எந்த 'காய்' என்று தெரியாமல் விழித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, ஏதோ காய்கறி கேட்கிறார் என்று நினைத்து, நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டிவிட்டார்! பிறகு தங்கைதான் விளக்கினாள். 'காய்' என்றால் 'என்ன?' பாடப்புத்தகத்தில் 'ஷ்தோ' என்று இருக்கும். ஸாக்ரெப்பிலும் அதற்கு வடக்கே சம்பந்தியம்மாவின் ஸாகோரியே பகுதியிலும் 'காய்'. கடலோரத்திலும் தீவுகளிலும் சில இடங்களில் 'ச்சா'. அந்த மொழியின் மூன்று பெரும் வழக்குகளுக்கும் இந்த 'என்ன'வை வைத்துத்தான் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் பேசியதில் பாதி தப்பு. ஆனால் 'உச்சிம்' என்றதும் சம்பந்தியம்மா முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினார். தப்பைத் திருத்தினார். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் இளைய நேயர்கள் பலர், வணக்கம் சொன்ன கையோடு, "சாரி, எனக்குத் தமிழ் சரியா வராது" என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்தவர்கள். அதன் பிறகு அழகாகத்தான் பேசுகிறார்கள். 'வராது' என்பது கதவைச் சாத்தும் சொல். கேட்கிறவரும் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். "கத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருப்பார்.

காத்திருக்க வேண்டியது பெரியவர்களான நம் பொறுப்பும்தான். 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து மொத்தக் குடும்பமும் சிரித்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை 'ஃபுரூட்' என்றுதான் சொல்லும். யார் மேல் தப்பு?

போன ஞாயிற்றுக்கிழமை நான் வேலையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் குரல் கேட்டது. சம்பந்தியம்மாவுக்கு 'சாப்பிட்டீங்களா' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் 'ப்' காணாமல் போயிருந்தது. அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லிக் காட்டினார்.

குரோஷிய மொழியில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் ஒரே வினைதான்: உச்சித்தி. அன்றைக்கு இரண்டு அம்மாக்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவே இல்லை!