உதவித்தொகையும் உள்ளச் சாட்சியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

வேலையில்லாதவனுக்கு அரசு தரும் உதவி பிச்சை அன்று. வேலையின்மை, முதுமை, நோய் முதலிய காலங்களில் மக்களுக்குப் பொது உதவி கிடைக்க, அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 41 ஆவது பிரிவே கூறுகிறது. ஆனால், வேலை தேடும் எண்ணமே இல்லாத ஒருவன் அந்த உதவியைக் கைநீட்டி வாங்கலாமா? இக்கேள்வியை நம் கல்லூரி நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இளைஞரிடையே இன்று ஒரு கனவு பரவி வருகிறது. நாற்பது வயதுக்குள் பணம் சேர்த்துவிட்டுப் பின்னர் வேலையே பார்க்காமல் வாழ்வது என்பதே அது. அதில் குற்றம் ஏதும் இல்லை. தன் உழைப்பில் மிச்சம் பிடித்தவன் எப்போது ஓய்ந்தால் பிறருக்கு என்ன? ஆனால் அக்கனவோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "வேலையை உட்டதுக்கப்புறம் சர்க்கார் குடுக்கற காசையும் வாங்கிக்கலாமுங்க. சும்மா வர்றதை எதுக்கு உடோணும்?" என்கிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருத்தல் கூடாது. மூன்று ஆண்டுகள்தான் கிடைக்கும். பட்டதாரி ஒருவர் முழுவதும் பெற்றாலும் 21,600 ரூபாய்தான். இத்தனை சிறிய தொகைக்கு இத்தனை நிபந்தனைகள் ஏன்? கொடுக்கும் பணம் பொதுப்பணம் என்பதால்தான். தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரரின் வரியும் அதில் கலந்திருக்கிறது.

இ.எஸ்.ஐ. வழியாக வரும் உதவி வேறு வகை. கோவைத் தொழிலாளர் 1955 முதல் அறிந்த திட்டம் அது. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியும், மூன்றேகால் ரூபாய் முதலாளியும் செலுத்துகின்றனர். 2018 இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தின்படி, வேலை இழந்த காப்பீட்டாளருக்கு 90 நாள் வரை சம்பளத்தில் கால் பங்கு கிடைத்தது. 2020 இல் அது அரைப் பங்காக உயர்ந்தது. "இது நான் கட்டிய பணம், எனக்கு உரிமை இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். காப்பீடு என்பது சேமிப்புக் கணக்கு அன்று. நெருப்புக் காப்பீடு கட்டியவன் தன் பஞ்சுக் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டுப் பணம் கேட்கலாமோ? விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இவ்வுதவி இல்லை என்று விதியே சொல்கிறது. அது நியாயம்தான்.

ஆனால் எங்கள் கொங்கு மண்ணில் அந்த 'விருப்பம்' என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். என் பெரியப்பா ஒரு நூற்பாலையில் 24 ஆண்டுகள் உழைத்தார். ஆலை நொடித்தபோது, "கையெழுத்துப் போட்டால் இப்போதே ஒரு தொகை, இல்லையேல் எதுவும் நிச்சயமில்லை" என்றார்கள். அவர் கையெழுத்திட்டார். தாளில் இருந்தது விருப்ப ஓய்வு. வீட்டில் இருந்ததோ இரண்டு பெண் பிள்ளைகளும் அடைபடாத கடனும். மறு மாதமே ஓரிடத்தில் இரவுக் காவலுக்குப் போனார். ஓய விரும்பியவர் செய்கிற காரியமா அது? 2020 மார்ச் ஊரடங்கில் நின்றுபோன தேசிய பஞ்சாலைக் கழகத்தின் முருகன், பங்கஜா, கம்போடியா ஆலைகளின் தொழிலாளரும், பாதிச் சம்பளம் போதும் என்று வீட்டில் படுத்துவிடவில்லை. ஆலையைத் திற என்றே போராடினர். ஆகவே, தாளில் உள்ள சொல்லை மட்டும் பார்த்து நேர்மையை அளக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரசு உதவித்தொகை பெறுபவர் சுயதொழில்கூடச் செய்தல் கூடாது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வாரம் இரண்டு நாள் ஆள் மாற்றாக ஓட்டும் பட்டதாரி என்ன ஆவான்? விதிப்படி அவன் தவறியவன். தந்தையின் தோப்பையும் வட்டிப் பணத்தையும் நம்பி, வருமானச் சான்றிதழை மட்டும் குறைத்து வாங்கி வருபவனோ தாளில் தகுதியுடையவன்! அந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சில்லறைக் கூலியை விதி மன்னிக்க வேண்டும். பொய்ச் சான்றிதழை மன்னிக்கக் கூடாது.

"கோடி கோடியாய் அடிப்பவர்களை விட்டுவிட்டு அறுநூறு ரூபாய்க்கு அறம் பேசுகிறாயே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெரிய திருடன் இருப்பதால் சின்னத் திருட்டு தர்மம் ஆகிவிடுமா? 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழியை நம் பாட்டிமார் சும்மா சொல்லி வைக்கவில்லை. மேலும், பொய்க் கணக்குகள் பெருகப் பெருக, அதிகாரிகள் கேட்கும் சான்றிதழ்களும் பெருகும். அவற்றுக்காக அலைந்து ஒரு நாள் கூலியை இழப்பவன் உண்மையான ஏழைதான்.

அப்படியானால் யார் வாங்கலாம்? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. நாளைக் காலை தபாலில் தகுந்த வேலைக்கான உத்தரவு வந்தால் நீ போவாயா? போவேன் என்றால் கூச்சம் எதற்கு? தலை நிமிர்ந்து வாங்கு. அது உன் உரிமை. போக மாட்டேன் என்றால் அந்தப் பணம் வரிசையில் உனக்குப் பின்னால் நிற்பவனுடையது.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் நானும் அந்த வரிசைக்கு வரக்கூடும். எனவே இது அயலாருக்குச் சொல்லும் உபதேசம் அன்று. மாணவ நண்பர்களே! அந்தப் படிவத்தில் "நான் வேலையில் இல்லை" என்று உறுதிமொழி கேட்கிறார்கள். "நான் வேலை தேடுகிறேன்" என்ற இன்னொரு வரியை நம் உள்ளத்தில் நாமே எழுதிக்கொண்டு கையெழுத்திடுவோம்.