எட்டாம் மாதப் பிள்ளை தப்பும்

ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை தப்பும், எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை தப்பாது என்ற நம்பிக்கை தமிழர் வாழும் இடமெங்கும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும், எழுவான்கரையும் படுவான்கரையும், அதற்கு விலக்கல்ல. இந்த நம்பிக்கை உண்மைக்கு நேர்மாறானது. நிறைமாதம் வரை கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் உயிர்வாய்ப்பைக் கூட்டுகிறது. இடையில் ஒரு மாதம் மட்டும் அது குறைந்து பிறகு ஏறுவதில்லை.

நம்பிக்கை மிகப் பழையது. ஹிப்போக்கிரட்டீசின் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டு மாதப் பிள்ளையைப் பற்றித் தனி நூலே இருக்கிறது. ஏழாம் மாதத்தில் வெளிவர முயன்று களைத்த சிசு எட்டாம் மாதம் முழுவதும் நோயுற்றிருக்கும், அப்போது பிறந்தால் தாங்காது என்பது அதன் வாதம். ஆயுர்வேதத்தில் சரகரும் சுசுருதரும் வேறு காரணம் சொன்னார்கள்: எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் தாய்க்கும் சிசுவுக்கும் இடையில் நிலைகொள்ளாமல் இருக்கும். விளக்கங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. முடிவு மட்டும் ஒன்று. முடிவு முதலில் இருந்தது, காரணம் பிறகு தேடப்பட்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சிசு ஏழாம் மாதத்தில் வெளிவர முயல்வதில்லை. அப்போது கூடுதலாக உணரப்படும் உதையும் புரளலும் தசையும் நரம்பும் வளர்வதன் அடையாளம். பெரும்பாலான சிசுக்கள் அடுத்த வாரங்களில் தலைகீழாகத் திரும்பி நிலைகொள்கின்றன. இடம் குறைவதால் புரளலின் தன்மை மாறுகிறது. அது களைப்பல்ல. ஆனால் அசைவு வழமையைவிடக் குறைந்ததாகத் தாய்க்குப் பட்டால், அதை இயல்பென்று விட்டுவிடாமல் அன்றே வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

அந்த வாரங்களில் உள்ளே நடப்பதைப் பார்த்தால் எட்டாம் மாதத்தின் பெறுமதி விளங்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் மாதம் ஏறத்தாழ 27 முதல் 30 வரையான வாரங்கள், எட்டாம் மாதம் 31 முதல் 35 வரை. 28 வாரத்தில் சிசுவின் நிறை ஒரு கிலோவை அண்டி இருக்கும்; 34 வாரத்தில் அது இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. தோலின் கீழ் கொழுப்புப் படிவதால் உடற்சூட்டைக் காக்கும் வலு கூடுகிறது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்செடுத்தல் மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் 32 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில்தான் அமைகிறது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பாலைக் குழாய் வழியே கொடுக்க வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் பெரியது சுவாசப்பையின் முதிர்ச்சி. அதன் சிற்றறைகளின் உட்சுவர் ஈரமானது. நனைந்த பொலித்தீன் பையின் இரு பக்கங்கள் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சு வெளியேறும்போதெல்லாம் அவை ஒட்டி மூடிவிடக்கூடியவை. அப்படி மூடாமல் காப்பது சர்ஃபக்டன்ட் என்னும் கொழுப்புக் கலந்த பொருள். அது 24 வாரமளவில் சுரக்கத் தொடங்கினாலும் போதிய அளவை எட்டுவது 34, 35 வாரமளவில்தான். குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். ஆகவே எட்டாம் மாதத்துப் பிள்ளையிடம் ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட இந்தப் பொருள் கூடுதலாக இருக்கிறது.

எட்டு மாதப் பிள்ளைகள் இறந்ததைக் கண்ணால் கண்டோம் என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடியின் மகன் பட்ரிக் 1963 ஆகஸ்ட் 7ஆம் திகதி ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணித்தியாலத்தில் மூச்சுத்திணறலால் இறந்தான். அந்நாட்டின் மிகச் சிறந்த மருத்துவமும் அன்று அவனைக் காக்க முடியவில்லை. அவனைக் கொன்றது மாதக்கணக்கல்ல, முதிராத சுவாசப்பை. அதைவிட இன்னும் ஒரு மாதம் முந்திப் பிறந்திருந்தால் அவனுடைய வாய்ப்பு மேலும் குறைந்திருக்கும். இன்று அதே வாரத்தில் பிறக்கும் பிள்ளை, வசதியுள்ள வைத்தியசாலையில் ஏறத்தாழ உறுதியாகத் தப்புகிறது.

ஏழு மாதத்தில் பிறந்து நன்றாக வளர்ந்தவர்களைச் சான்று காட்டுவதும் ஆராயத்தக்கது. முற்காலத்தில் ஒரு கிலோவளவில் பிறந்து உடனே இறந்த சிசு, பிள்ளைக் கணக்கிலேயே சேராமல் வயிறழிந்ததாகக் கொள்ளப்பட்டிருக்கும். தப்பியது மட்டும் ஊரில் பெயரெடுத்தது. எட்டு மாதப் பிள்ளையோ உயிரோடு பிறந்து, சில நாள் இருந்து இறந்ததால் அந்தச் சாவு நினைவில் நின்றது. கணக்குப் பிழையும் உண்டு. மாதவிலக்குத் திகதி நினைவில்லாத தாயின் மாதக்கணக்கு எளிதில் ஒன்று முன்பின்னாகும். மூன்று கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த ‘ஏழு மாதப் பிள்ளை’ உண்மையில் நிறைமாதப் பிள்ளையே.

அரிஸ்டாட்டில் இதை அன்றே கவனித்தார். எகிப்தில் எட்டு மாதப் பிள்ளைகள் பிழைத்து வளர்வதாகவும், கிரேக்கத்தில் அப்படி ஒன்று பிழைத்தால், கரு முன்பே தங்கியிருக்க வேண்டும், இது எட்டு மாதப் பிள்ளையல்ல என்று தாய்மார் எண்ணுவதாகவும் எழுதினார். பிழைத்த பிள்ளைகளை இப்படிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது இறந்த பிள்ளைகள் மட்டுமே. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கான் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. கரு தங்கியது தெரிந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை செய்யும் கேடு இருபக்கமானது. எட்டாம் மாதத்தில் வலி கண்டால் இனி என்ன செய்தும் பயனில்லை என்ற சோர்வு வரலாம். ஏழாம் மாதத்தில் கண்டால் தப்பிவிடும் என்ற பொய்த் தைரியம் வரலாம். இரண்டும் நேரத்தைத் தின்பவை. 32 வாரத்திலோ அதற்கு முன்போ பிறக்கும் பிள்ளைகளில் வறிய நாடுகளில் பாதி இறப்பதாகவும், செல்வ நாடுகளில் ஏறத்தாழ எல்லாம் தப்புவதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதம் ஒன்றே, கிடைக்கும் கவனிப்பு வேறு.

நேரம் ஏன் இவ்வளவு பெறுமதியானது என்பதற்கு நியூசிலாந்தின் லிகின்சும் ஹவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வே விடை. முந்திப் பிறக்கவிருக்கும் பிள்ளையின் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சுவாசப்பை விரைந்து முதிர்கிறது. அதன் முழுப்பயன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பிரசவத்துக்குச் சில மணித்தியாலம் முன்னர் வந்து சேர்வதைவிட முதல் அறிகுறியிலேயே வந்து சேர்வது மேல். பிறந்த பின் செய்யும் கவனிப்பிலும் எளியது உண்டு: பொகொட்டாவில் 1978இல் தொடங்கிய கங்காரு முறையில், பிள்ளை தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கப்பட்டு, தாயின் சூட்டிலும் பாலிலும் வளர்கிறது.

நேரத்தோடு வந்து சேர்வது படுவான்கரையில் இன்னும் கவனிக்க வேண்டியது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்விடத்தில் வாவியை ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் கடக்க வேண்டியிருந்தது. இன்று பாலம் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. 37 வாரம் நிறையுமுன் பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், விட்டுவிட்டு வயிறு இறுகினால், கண் மங்கித் தலை கடுமையாக இடித்தால், மாதத்தை எண்ணிக்கொண்டிராமல் கிளினிக் அட்டையோடு உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ புறப்பட வேண்டும்.