சரக்கின் தீர்ப்பு எழுதப்படும் மேசை

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலம் தவறாமல் அரசு முத்திரை பெற்றுக் கடை நடத்துகிறவர்கள் நாம். முத்திரை விட்டுப்போனால் அபராதம் கட்டுகிறோம். அதில் நமக்கு வருத்தமில்லை. வாங்குகிறவருக்கு எடை சரியாகப் போய்ச் சேர வேண்டும். அதே நியாயப்படி, நம் சரக்கை நிறுத்துப் பார்க்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த இடம் உணவுப் பரிசோதனைக் கூடம். அங்கே உள்ள வேலை மேசையையும் கழுவுதொட்டியையும் பற்றி வணிகர்கள் இதுவரை அதிகம் பேசியதில்லை. இனிப் பேச வேண்டும் என்பது நம் கருத்து.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் கடையில் எடுக்கும் மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது. அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். தரம் குறைந்த சரக்கு என்று அறிக்கை வந்தால் 5 லட்சம் ரூபாய் வரையிலும், லேபிள் தவறு என்றால் 3 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் உண்டு. திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் வில்லியனூரிலும் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இது கடையையே மூடவைக்கும் தொகை. பணம் ஒருபுறம் இருக்கட்டும். "அவர் கடைச் சரக்கில் கலப்படமாம்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அதைத் துடைக்க எந்தத் துணியும் இல்லை.

அந்த அறிக்கை உருவாகும் மேசையில் என்ன நடக்கிறது? துவரம் பருப்பில் மெட்டானில் மஞ்சள் சாயம் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறார்கள்; சாயம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். எண்ணெயில் ஆர்ஜிமோன் எனப்படும் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க நைட்ரிக் அமிலம். 1998-இல் டெல்லியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது கடுகு எண்ணெயில் கலந்த இந்த எண்ணெய்தான். மிளகாய்த் தூளிலும் மல்லித் தூளிலும் மண் கலந்திருக்கிறதா என்று அறிய, தூளை எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைக்கிறார்கள். கரையாமல் நிற்பதை நிறுத்துப் பார்க்கிறார்கள். புரத அளவு காணக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைக்கிறார்கள். ஆக, அந்த மேசையின் மேல் ஆண்டு முழுவதும் அமிலமும் காரமும் சிந்திக்கொண்டே இருக்கும்.

நம் வீட்டுச் சமையலறையிலும் கடையிலும் போடுகிற கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. அமிலம் பட்டால் பொங்கும். நாளடைவில் பள்ளம் பள்ளமாக அரித்துவிடும். டைல்ஸ் ஒட்டினால் டைல்ஸ் நிற்கும், இடையில் பூசிய சிமெண்ட் கரைந்துபோகும். பிளைவுட்டின் மேல் சன்மைக்கா ஒட்டினால் இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பலகை ஊதிவிடும். எவர்சில்வரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த குழியில் நேற்றைய மாதிரியின் தூள் தங்கும். மஞ்சள் தூளில் ஈயம் இருக்கிறதா என்று பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாகத் தேடும் இடத்தில், ஒருவர் சரக்கின் மாசு இன்னொருவர் சரக்கோடு சேர்ந்தால் என்ன ஆகும்? ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை, இடமும் சூழலும் முடிவைக் கெடுக்காதபடி இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு ஏற்றதாக உலகெங்கும் பயன்படுவது எபாக்சி ரெசின் மேசைப்பலகை. ரெசினையும் மணற்சத்தான சிலிக்காவையும் கெட்டியாக்கும் மருந்தையும் கலந்து அச்சில் வார்த்து, சூளையில் வைத்துப் பதப்படுத்துவது. மேலே பூசிய பூச்சு அல்ல. மேலிருந்து அடிவரை ஒரே பொருள். "எபாக்சி பெயிண்ட் அடித்துத் தருகிறோம், இரண்டும் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. பூச்சு உரிந்தால் உள்ளே இருப்பது பழைய மேசைதான்.

நல்ல பலகை வாங்கினால் மட்டும் போதாது. பொருத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ எடை வரும். அடியில் உள்ள அலமாரிகளை ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்த பிறகே பலகையை ஏற்ற வேண்டும். மட்டம் தவறினால் சிந்தியது ஓரிடத்தில் தேங்கும். துல்லியத் தராசும் சரியாக நிற்காது. இணைப்புகளை அதே இன எபாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும்; வெள்ளை சிமெண்ட் கூடாது. விளிம்பின் அடியில் சொட்டுக் காடி இருந்தால்தான் வழிகிற அமிலம் அலமாரிக்குள் போகாமல் கீழே சொட்டும். கழுவுதொட்டியும் மூட்டு இல்லாமல் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். அதன் கீழ்க் குழாயும் டிராப்பும் பாலிபுரொப்பிலீன் போன்ற அமிலம் தாங்கும் பொருளில் அமைய வேண்டும். தொட்டி நன்றாக இருந்தும் கீழே சாதாரண இரும்புக் குழாய் என்றால், காசு அந்தக் குழாய் வழியாகவே போய்விடும்.

எபாக்சியும் அழியாத வரம் பெற்று வந்ததல்ல. அடர் நைட்ரிக், கந்தக அமிலங்களைத் துடைக்காமல் விட்டால் கறை பிடிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் மேற்பரப்பைத் தாக்கும். உலையிலிருந்து எடுத்த மூசையைத் தட்டு வைக்காமல் நேரே வைத்தால் பலகை வெடிக்கவும் கூடும். சிந்தியதை உடனே துடைத்து நீரால் கழுவ வேண்டும். அன்றாடம் மிதமான சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். இரும்பு நாரும் தேய்ப்புப் பொடியும் ஆகாது. தொட்டியில் ரசாயனம் ஊற்றினால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட வேண்டும். எல்லாம் கடையில் எண்ணெய்ப் பீப்பாய் அடியைத் துடைக்கும் சிரத்தைதான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம்மைக் கேலி செய்ய ஆள் உண்டு. கலப்படம் செய்கிறவருக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அவரால் முதலில் கெடுவது பக்கத்துக் கடை நேர்மையான வணிகரின் பெயர். எந்த ஆய்வகத்தின் மீதும் பழி சுமத்தவும் வரவில்லை. கூடம் கோணலில்லாமல் இருந்தால் நல்ல சரக்குக்காரருக்கும் நன்மை, பகுப்பாய்வாளருக்கும் நன்மை, சாப்பிடுகிற மக்களுக்கும் நன்மை.

ஆகவே புதுச்சேரி அரசை நாம் கேட்டுக்கொள்வது இவை. ஆய்வக மேசைக்கு டெண்டர் விடும்போது குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், பொருளின் தன்மையையும் பொருத்தும் முறையையும் நிபந்தனையில் எழுத வேண்டும். கருவி வாங்கும் பணத்தோடு, மேசை, தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் தனியே ஒதுக்க வேண்டும். வணிகர் சங்கப் பிரதிநிதிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும். பராமரிப்புக்குத் தனி வழி என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. முதலாம் இராசாதிராச சோழன் காலத்திலேயே, திருபுவனைக் கோயில் கல்வெட்டு, இங்கிருந்த கல்விச் சாலையின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கொடுக்க வேண்டிய நெல்லைக் கணக்காக எழுதி வைத்திருக்கிறது. தொடங்கியவர்கள் தொடர்ந்து நடத்தவும் வழி செய்தார்கள்.

நம் கடமையும் உண்டு. மாதிரி எடுக்கும்போதே, ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். செலவு நம்முடையது என்றாலும் தயங்காதீர்கள். இரு அறிக்கையும் வேறுபட்டால் மேல் ஆய்வகத்தின் முடிவே இறுதியானது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அத்தகைய மேல் ஆய்வகங்களில் ஒன்று. அறிக்கை பாதகமாக வந்தால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். மொத்த வியாபாரியிடம் பில்லும் எழுத்து உத்தரவாதமும் இல்லாமல் சரக்கு இறக்காதீர்கள். சொந்தமாகச் சோதனை அறை வைக்க எண்ணும் மசாலா அரைப்போரும் எண்ணெய் ஆட்டுவோரும் மேசையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நம் தராசுக்கு முத்திரை கேட்கும் அரசு, தன் மேசைக்கும் மட்டம் பார்க்கட்டும். ஒன்றுபட்டுக் கேட்போம்.