தெருவைத் தோண்டாமல் பாதாளச் சாக்கடையைச் சீர் செய்ய வழியில்லையா?



வெயிலுக்கும் மழைக்கும் நாம் பயந்தவர்கள் அல்லர். விலை ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடித்துப் பழகியவர்கள். ஆனால் பொக்லைன் இயந்திரம் ஒன்று கடைவீதிக்குள் நுழைந்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணம், அது உள்ளே வரும் நாள் நமக்குத் தெரியும். வெளியே போகும் நாள் யாருக்கும் தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதத்தில் நாம் கடை வைத்திருக்கும் வீதியில் பாதாளச் சாக்கடை உடைந்தது. மேன்ஹோல் வழியே கழிவுநீர் பொங்கிக் கடைவாசல் வரை வந்தது. குழாயை மாற்ற வேண்டும், இருபது நாளில் வேலை முடியும் என்றார்கள். தெருவின் நடுவே ஆள் உயரத்திற்கு மேல் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கடைப்படியில் குவித்தார்கள். குடிநீர்க் குழாய் இரண்டு இடத்தில் உடைந்தது. தொலைபேசிக் கேபிள் அறுந்தது. லாரி உள்ளே வர வழியில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகளைத் தெருமுனையில் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். மூட்டைக்கு மூட்டை கூடுதல் கூலி. மழை வந்ததும் பள்ளம் குளமாயிற்று. ஆயுத பூஜை போயிற்று, தீபாவளியும் போயிற்று. வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் பழகிவிட்டார்கள். அவர்களில் பலர் இன்னும் திரும்பி வரவில்லை.

குழாயை மாற்றியது தவறு என்று நாம் சொல்லவில்லை. கழிவுநீர் ஓடும் தெருவில் யார் வந்து சாமான் வாங்குவார்கள்? மாற்றிய விதத்தைப் பற்றித்தான் நம் கேள்வி.

அடக்க விலை பார்க்கத் தெரியாத கணக்கு

நாம் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் கொள்முதல் விலையை மட்டும் பார்த்து விற்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம், போட்ட பணத்திற்கு வட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடக்கம் போடுகிறோம். இதைச் செய்யாத வியாபாரி ஒரு வருடத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

சாக்கடைக் குழாய் வேலைக்குப் போடும் மதிப்பீட்டில் என்ன இருக்கிறது? குழாய் விலை, தோண்டும் செலவு, மூடும் செலவு, மேலே சாலை போடும் செலவு. அவ்வளவுதான். உடைந்த குடிநீர்க் குழாய் வேறு கணக்கு. மூடிய மண் அமுங்கி மறுபடி சாலை போடுவது அடுத்த ஆண்டுக் கணக்கு. நம் கடைகளில் விழாத வியாபாரம் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனாலும் அந்தச் செலவை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார். கட்டுகிறவர் நாமாக இருக்கிறோம்.

இந்த முழு அடக்கத்தையும் போட்டுப் பார்த்தால், தெருவைத் தோண்டாமல் குழாயைச் சீர் செய்யும் முறை பல இடங்களில் மலிவாகவே முடியும் என்பது நம் கருத்து. அப்படி ஒரு முறை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே சற்று விளக்கமாகச் சொல்கிறோம்.

குழாய் ஏன் கெடுகிறது?

பழைய பாதாளச் சாக்கடைகளில் பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய்களும் சிமெண்டுக் குழாய்களும் இருக்கின்றன. ஸ்டோன்வேர் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் மேலே லோடு லாரிகள் போகப் போக விரிசல் விடும். இரண்டு குழாய் சேரும் மூட்டில் மரவேர் நுழையும். சிமெண்டுக் குழாய்க்கு வேறு நோய். தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். குழாயின் உள்மேற்புறத்தில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அந்த அமிலம் சிமெண்டைத் தின்றுவிடும். அதனால்தான் குழாய் அடியில் நன்றாக இருக்கும்போதே மேலே ஓட்டை விழுகிறது.

நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடத்தில், விரிசல் வழியே தண்ணீரும் மணலும் குழாய்க்குள் இறங்கும். வெளியே மண் குறைந்து பொந்து உண்டாகும். ஒரு நாள் லாரிச் சக்கரம் ஏறும்போது சாலையே உள்வாங்கும். நிலத்தடி நீர் தாழ்ந்த இடத்தில் கழிவுநீர் வெளியே கசிந்து கிணற்றில் கலக்கும். நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. குடிநீர்க் குழாய் காலியாக இருக்கும் நேரத்தில், அதன் ஓட்டைகள் வழியே அருகிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. ஆக, சாக்கடைக் குழாயைச் சீர் செய்வது நம் குடும்பங்களின் ஆரோக்கியத்திற்கும் அவசியம்.

தோண்டாமல் செய்வது எப்படி?

முதல் முறை, பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாயை உருவாக்குவது. கம்பளித் துணி போன்ற ஃபெல்ட்டினால் செய்த நீண்ட உறையில் ரெசின் என்னும் பிசினை ஊறவைத்து, மேன்ஹோல் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் உறை விரிந்து பழைய குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீரோ நீராவியோ பாய்ச்சினால் பிசின் இறுகிக் கெட்டியான குழாயாகிவிடும். கண்ணாடி இழை உறைகளைப் புற ஊதா விளக்கால் இறுகச் செய்வதும் உண்டு. இரண்டு மேன்ஹோல்களுக்கு இடைப்பட்ட நீளத்தைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடித்துவிடலாம்.

இதை முதலில் செய்தவர் எரிக் வுட் என்ற ஆங்கிலேயர். 1971-ல் லண்டன் ஹாக்னி பகுதியில் ஒரு பழைய செங்கல் சாக்கடையை இப்படிச் செப்பனிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட தொழில்நுட்பம் இது. அமெரிக்காவில் டென்வர், கொலம்பஸ் நகரங்களில் 25 ஆண்டு வரை பழையதான இத்தகைய உறைகளின் மாதிரிகளைச் சோதித்து, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2012-ல் அறிக்கை வெளியிட்டது. அவை நல்ல நிலையில் இருப்பதாகவும், திட்டமிட்ட 50 ஆண்டுக் காலமும் தாங்கும் என்றும் அதில் கூறப்பட்டது. உறையால் குழாயின் உள்ளளவு சில மில்லிமீட்டர் குறையும். ஆனால் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை.

இரண்டாவது முறை, பழைய குழாயை உடைத்துக்கொண்டே புதுக் குழாயை இழுப்பது. கூம்பு வடிவத் தலை ஒன்று பழைய குழாயை உள்ளிருந்து உடைத்துச் சில்லுகளைச் சுற்றிலும் மண்ணுக்குள் தள்ளும். அதன் பின்னாலேயே கெட்டியான பாலிஎத்திலீன் குழாய் வந்து அமரும். இரு முனையிலும் ஒவ்வொரு பள்ளம் போதும். கடை, வீடுகளின் இணைப்பு சேரும் இடங்களில் சிறு குழிகள் தேவைப்படும். பழையதைவிடச் சற்றுப் பெரிய குழாயையும் இம்முறையில் போடலாம். வீடும் கடையும் பெருகி, பழைய குழாய் அளவு போதாமல் திணறும் வீதிகளுக்கு இது பயன்படும்.

நம் நாட்டிற்கும் இவை புதியவை அல்ல. தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களில் பெரிய சாக்கடைக் குழாய்களைத் தோண்டாமல் செப்பனிட்டிருக்கிறார்கள். பெருநகரத்தில் முடிவது நம் கடைவீதிகளில் ஏன் முடியாது?

எல்லா நோய்க்கும் ஒரே மருந்தல்ல

நாம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. முற்றிலும் நொறுங்கி விழுந்த குழாய்க்குள் உறை போக முடியாது. குழாய் நடுவில் தாழ்ந்து தொய்ந்திருந்தால், உறையும் அதே தொய்வில்தான் அமரும். கழிவு அங்கே தேங்கும். அப்படிப்பட்ட இடங்களைத் தோண்டித்தான் ஆக வேண்டும். உடைத்து இழுக்கும் முறையில், குழாய் அதிக ஆழத்தில் இல்லாவிட்டால் சாலை மேலெழும்பக்கூடும். அருகிலுள்ள குடிநீர்க் குழாய்க்கும் சேதம் வரலாம். சிறிய வேலைக்கு இயந்திரங்களை வெளியூரிலிருந்து கொண்டுவந்தால் செலவு கூடும் என்பதும் உண்மைதான். அதனால்தான் ஒரு தெருவுக்கு மட்டும் டெண்டர் விடாமல், பல தெருக்களைச் சேர்த்து விட வேண்டும் என்கிறோம்.

மளிகைக் கடைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலவகைப் பிசின்களில் ஸ்டைரீன் என்ற பொருள் உள்ளது. இறுகும் நேரத்தில் அதன் காட்டமான வாடை வடிகால் வழியே கடைக்குள் வரக்கூடும். அதைச் சுவாசிப்பது உடலுக்கும் நல்லதல்ல. அரிசியும் மாவும் தேயிலையும் வாடையை எப்படி இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குத்தான் தெரியும். ஸ்டைரீன் இல்லாத பிசினைக் கேட்கலாம். வேலைக்கு முன் வடிகால் பொறியில் தண்ணீர் ஊற்றி நிரப்பி வைக்கலாம். உறை போட்டதும் கடை, வீடுகளின் இணைப்பு வாய்கள் மூடிக்கொள்ளும். அவற்றை இயந்திரக் கருவி ஒன்றை உள்ளே செலுத்தித் திறந்துவிடுவார்கள். அதுவரை சில மணி நேரம் தண்ணீர் விடாமல் நாம் ஒத்துழைக்க வேண்டும். இரண்டு மாதப் பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய கஷ்டமா?

நம் பக்கத்துத் தவறு

மற்றவரைக் குறை சொல்லும் முன் நம் பேரேட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எண்ணெய் டின் கழுவிய தண்ணீரும் பலகாரக் கடையின் பழைய எண்ணெயும் எங்கே போகின்றன? சாக்குக் கயிறும் பாலிதீன் உறையும் எங்கே போகின்றன? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. ஆனாலும் அடைப்பு எடுக்கும்போது வெளிவருவது என்ன என்று நாமே பார்க்கிறோம். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் இணைத்திருக்கும் கட்டடங்களும் நம்மிடையே உண்டு. மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்க அதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அடைப்பு ஏற்பட்டால், நிர்வாகம் வரும்வரை பொறுக்காமல், நாமே யாரையாவது கூப்பிட்டுப் பணம் கொடுத்து மேன்ஹோலுக்குள் இறக்கியிருக்கிறோம். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக் குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா? குழாயை அரிக்கும் அதே ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் உள்ளே இறங்கும் மனிதனையும் கொல்கிறது. குழாய் நன்றாக இருந்தால் அடைப்பு குறையும். அடைப்பு குறைந்தால் ஆளை இறக்கும் எண்ணமே நமக்கு வராது. நம் வியாபாரத்தைவிட இந்த ஒரு காரணமே போதும், குழாயைக் காலத்தில் செப்பனிடச் சொல்ல.

நாம் கேட்பது என்ன?

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். ஆகவே முதல் கோரிக்கை, எந்தத் தெருவைத் தோண்டும் முன்பும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் படப்பதிவை அப்பகுதி வணிகர் சங்கத்திற்கும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, மதிப்பீடு போடும்போது தோண்டும் முறை, தோண்டா முறை இரண்டிற்கும் முழு அடக்கம் போட்டு ஒப்பிட வேண்டும். சாலை, குடிநீர்க் குழாய், கேபிள், வேலை நடக்கும் நாட்கள் எல்லாம் அதில் வர வேண்டும்.

மூன்றாவது, தோண்டியே ஆக வேண்டிய இடங்களில் வேலையைப் பொங்கல் முடிந்த பிறகு தொடங்கி, ஆடி பிறக்கும் முன் முடிக்க வேண்டும். பண்டிகைக் காலத்திலும் மழைக்காலத்திலும் தொடங்கக் கூடாது. தாமதத்திற்கு ஒப்பந்தக்காரரிடம் அபராதம் வசூலிக்க வேண்டும்.

நான்காவது, வேலை முடிந்ததும் மறுபடி கேமரா விட்டுப் பார்த்து, எல்லா இணைப்புகளும் திறந்திருக்கின்றனவா என்று உறுதி செய்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். சரக்கைச் சரிபார்க்காமல் நாம் பில்லுக்குப் பணம் கொடுப்பதுண்டா?

இவற்றைக் கேட்கும் உரிமை வேண்டுமானால் நம் கடமையையும் செய்ய வேண்டும். எண்ணெய்க் கழிவைத் தனியே சேர்ப்போம். மாடி மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரிப்போம். எந்த அவசரத்திலும் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்க மாட்டோம் என்று ஒவ்வொரு சங்கக் கிளையும் தீர்மானம் போடட்டும்.

சென்னை கொத்தவால்சாவடியில் நெரிசல் தாங்காமல் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. ஒரு சந்தையை மாற்றலாம்; தமிழ்நாட்டுக் கடைவீதிகள் அத்தனையையும் மாற்ற முடியுமா? இந்தக் குறுகிய வீதிகளில்தான் நாம் பிழைக்க வேண்டும். இதன் அடியில் ஓடும் குழாயும் நம்மோடு இருக்கத்தான் வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல, ஒரு குழாய் விரிசலுக்காக ஒரு வீதியின் பிழைப்பையே தோண்டிப் போடும் வழக்கம் இனியாவது மாற வேண்டும். அடுத்த முறை பொக்லைன் வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "கேமரா விட்டுப் பார்த்தீர்களா?" எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.