குடையோடு முடிகிற கதை

இந்தப் பொங்கலுக்குப் பூதலூரில் தம்பி வீட்டுக் கூடத்தில் நாங்கள் அக்கா தங்கைகள் நாலு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். கடைசித் தங்கையின் மகள் பென் டிரைவில் கொண்டுவந்தது. 1933இல் ஆர்.கே.ஓ. கம்பெனி எடுத்த ‘லிட்டில் விமன்’. கல்லணைக் கால்வாய், அதாவது எங்கள் ஊர் வாய்க்குப் புது ஆறு, வெட்டிக்கொண்டிருந்த காலத்துப் படம். “பேசுற படம்தானே?” என்று அக்காவுக்குச் சந்தேகம். பேசும், ஆனால் இங்கிலீஷ். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய பாவத்துக்கு, ஓரமாக உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

லூயிசா மே ஆல்காட் 1868இல் எழுதிய நாவல். அப்பா போர்முனையில், அம்மாவும் நாலு பெண்களும் வீட்டில். ஜார்ஜ் கியூகர் இயக்கம். இரண்டாவது பெண் ஜோவாக கேதரின் ஹெப்பர்ன் தாவுகிறாள், ஓடுகிறாள், வேலியைத் தாண்டுகிறாள். விருந்துக்குப் போகிற இடத்தில் பின்பக்கம் தீய்ந்துபோன கவுனை மறைக்கச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அந்த இடத்தில் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எங்களிடம் இருந்தது ஒரே பட்டுப் பாவாடை. யார் போனாலும் அதுதான் போகும். அப்பாவைப் பார்க்க அம்மா ஊருக்குப் போகப் பணம் வேண்டுமென்று ஜோ தலைமுடியை 25 டாலருக்கு விற்றுவிட்டு வருகிறாள். மூன்றாமவள் பெத் செத்துப்போகிறாள். அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். கடைசியில் மழையில், ஒரு குடைக்கடியில், வாத்தியார் ஒருவர் ஜோவைக் கேட்க, அவள் சம்மதிக்க, வீட்டுக்குள் கூட்டிப்போகிறாள். சுபம்.

எல்லாரும் எழுந்திருக்கும்போது அக்கா கேட்டாள்: “அந்தச் சிடுமூஞ்சிப் பணக்காரக் கிழவி இருந்தாளே, அவ வீடு யாருக்குப் போச்சு?”

படத்தில் இல்லாத கேள்வி. நாவலில் பதில் இருக்கிறது. மார்ச் அத்தை தன் பெரிய வீட்டை ஜோவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். ஜோ அதில் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு வீடு கைமாறுவது அந்தக் கதையில் சின்ன விஷயமில்லை. ஹாலிவுட்டுக்குக் குடை போதுமாக இருந்தது.

சகோதரிகள் கதையைப் படமாக்குகிறவர்கள்மேல் எனக்குள்ள வழக்கு இதுதான். கல்யாணங்களை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்வார்கள், வீட்டை விட்டுவிடுவார்கள்.

‘ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்பார்கள். ஜேன் ஆஸ்டின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் அப்படியே ஐந்து பெண்களை வைத்தார், வீடு தூரத்துப் பங்காளிக்கு. (நாங்கள் நாலுதான். அரசன் தப்பித்தான்.) அதற்குமுன் 1811இல் வந்த அவருடைய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத்தான் ராஜீவ் மேனன் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று எடுத்தார். தஞ்சாவூருக்குப் போய் நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். தபு, ஐஸ்வர்யா ராய், அம்மாவாக ஸ்ரீவித்யா. சுஜாதா வசனம். செட்டிநாட்டு வீடு. நாவலில் வருகிற பொறுப்பில்லாத காதலனை நிதி நிறுவனம் நடத்தித் திவாலாகிறவனாக ஆக்கியது கெட்டிக்காரத்தனம். அந்த வருடங்களில் சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு இழக்காத தெரு தமிழ்நாட்டில் எது?

ஆனால் வீடு கைவிட்டுப் போகிற இடம் எனக்குச் சரிப்படவில்லை. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள்மேல் கோபத்தில் தாத்தா எப்போதோ எழுதிய உயில் ஒன்று வெளியே வருகிறது. சொத்து மகனுக்கு. பெண்கள் சென்னைக்கு வண்டி ஏறுகிறார்கள். கோபம், உயில், இடி இடித்த மாதிரி செய்தி. சினிமாவுக்குச் சௌகரியம்.

ஆஸ்டின் அப்படி எழுதவில்லை. இரண்டாம் அத்தியாயம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசுகிற பேச்சுதான். சாகிற அப்பாவுக்கு, சிற்றன்னையையும் தங்கைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். ஆளுக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுன் கொடுக்கலாம் என்று ஆரம்பிக்கிறான். அவள் குரலை உயர்த்துவதேயில்லை. ஆயிரம் ஐந்நூறாகிறது. அப்புறம் சிற்றன்னைக்கு வருடம் நூறு என்கிறான். வருடாவருடம் கொடுப்பது என்று வைத்தால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள். பிறகு எப்போதாவது ஐம்பது. கடைசியில் வீடு மாறும்போது சாமான் ஏற்ற ஒத்தாசை, பருவத்துக்குப் பருவம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்புவது என்று முடிகிறது. யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. அதைத்தான் படம் எடுக்க வேண்டும்.

நம் சினிமாவில் உடன்பிறப்பென்றால் பெரும்பாலும் அண்ணன் தங்கைதான். பங்கு கேட்காதவள் பாசமலர், கேட்டவள் வில்லி. எங்கள் ஜில்லாக்காரர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க, ராஜா சாண்டோ 1935இல் ‘மேனகா’ என்று எடுத்தாரே, அதிலேயே அக்கா தங்கைகள் வருகிறார்கள். என்னவாக? தம்பி பெண்டாட்டியைக் குழியில் தள்ளுகிற விதவை நாத்தனார்களாக.

எங்கள் கதையில் வில்லியும் இல்லை, உயிலும் இல்லை. அப்பா 2001இல் எழுதாமலேயே போனார். பூர்விக நிலம் 15 மா, ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002 மாசியில் நாலு பேரும் பத்திர ஆபீசுக்குப் போனோம். ‘மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து’ என்று எழுதுபவர் வாசிக்க, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு பட்டுப்புடவை, இரண்டு சவரன். கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போய் ரவா தோசை சாப்பிட்டோம். தம்பிதான் காசு கொடுத்தான். அதற்கு முதல்நாள் அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “நாளைக்கு நீங்க வந்து இறங்க ஒரு வாசல் வேண்டாமாடி?” தம்பியைக் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்கியவள் நான். சேற்றில் இறங்கியவன் அவன்.

படம் முடிந்த அன்று ராத்திரி தங்கை மகள், சட்டம் படிக்கிறவள், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல். அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு. அதற்குமுன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அக்காவுக்கு 1987இல் கல்யாணம், எனக்கு 1991இல், மற்ற இருவருக்கும் அப்புறம். ஆக அப்பா, தம்பி, நாங்கள் மூவர் என்று ஐந்து பங்கு. அப்பாவின் ஐந்தில் ஒன்றை அம்மாவோடு சேர்த்து ஆறாகப் பிரித்தால்தான் அக்காவுக்கு ஏதாவது. எங்களுக்கும் தம்பிக்கும் முப்பதில் ஏழு, அதாவது மூன்றரை மா. அக்காவுக்கு முப்பதில் ஒன்று, அரை மா. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே பாவாடையைக் கட்டியவர்கள். இரண்டு வருடம் முந்திக் கழுத்தை நீட்டியதற்கு மூன்று மா அபராதம்.

“2005இல மத்தியச் சட்டம் அந்தக் கோட்டை அழிச்சிடுச்சு பெரியம்மா. 2020இல சுப்ரீம் கோர்ட்டும், 2005க்கு முன்னாடியே அப்பா தவறியிருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவான பத்திரத்தைத் தொட மாட்டாங்க.” எங்களுடையது 2002.

இதை யாராவது படமாக எடுங்கள் என்கிறேன். செட்டிநாட்டு வீடு வேண்டாம். ஒரு பத்திர ஆபீஸ் பெஞ்சு, மைப்பட்டை, நாலு பட்டுப்புடவை. யாரும் அழ வேண்டாம், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் விஷயம். அடுத்து ஆஸ்டினைத் தொடுகிற தமிழ் இயக்குநர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போனால் நான் டிக்கெட் வாங்கமாட்டேன்.

காலண்டர் தாளை அக்கா வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். சம்பா அறுத்ததும் தம்பி வருடம் தவறாமல் நாலு வீட்டுக்கும் ஆளுக்கொரு மூட்டை அரிசி அனுப்புவான். அவள் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். “பாத்தீங்களாடி, உங்களுக்கு மூணரை மாவுக்கு ஒரு மூட்டை. எனக்கு அரை மாவுக்கே ஒரு மூட்டை. யாருக்கு லாபம்?”